இடது முன் சக்கரம்

கோயமுத்தூர் கணபதியில் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை இருக்கிறது. பம்பு செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பதுதான் பிழைப்பு. வருடத்தில் ஐந்தாறு வாரக் கடைசிகளில் மட்டும் நான் ராலி டிரைவர். இரண்டையும் சேர்த்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் இங்கே எழுத வந்த சீசன் ஒரு ஷாஃப்டில்தான் போயிற்று. ஊருக்கெல்லாம் ஷாஃப்ட் செய்து தருகிறவன், சொந்தக் காரில் ஷாஃப்ட் உடைந்து சிக்கமகளூரில் ஒரு காப்பித் தோட்டத்து மதிலில் உட்கார்ந்திருந்தான்.

கோயமுத்தூரில் லேத் வைத்திருப்பவனுக்கு ராலி ஆசை வருவது ஒன்றும் அதிசயமில்லை. மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டிய கரிவரதன் இந்த ஊர்க்காரர். நரேன் கார்த்திகேயனை எல்லோருக்கும் தெரியும், அவருடைய அப்பாவும் ராலி ஓட்டியவர்தான் என்பது இந்த ஊரில் கொஞ்சம் வயதானவர்களைக் கேட்டால் தெரியும். இங்கே டீக்கடையில் நின்றால்கூட கேம்ஷாஃப்ட் பற்றிப் பேச ஒரு ஆள் கிடைப்பார். என் வண்டி மாருதி எஸ்டீம், 1300 சிசி. உள்ளே வண்டி உருண்டால் எங்களைக் காக்கும் இரும்புக் கூடு (ரோல் கேஜ்), அடியில் கல் அடிக்காமல் எஞ்சினைக் காக்கும் தடிமனான தகடு (சம்ப் கார்டு), பின் சீட் கிடையாது. இந்த வண்டி வாங்கிய அடியை வேறு எது வாங்கியிருந்தாலும் எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ராலி பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ரேஸ் மாதிரி எல்லோரும் சேர்ந்து ஓடுவதில்லை. மண் பாதையில் ஒவ்வொரு காராக, இரண்டு நிமிட இடைவெளியில் விடுவார்கள், கடிகாரத்தோடுதான் போட்டி. அந்தப் பகுதிக்கு ஸ்டேஜ் என்று பெயர். பக்கத்தில் நேவிகேட்டர் உட்கார்ந்து முன்கூட்டியே எழுதிய நோட்டை வாசித்துக்கொண்டே வருவார். நாலைந்து ஸ்டேஜுக்கு ஒருமுறை சர்வீஸ் பார்க். அங்கேயும் கடிகாரம்தான். கொடுத்த நேரத்துக்குள் வண்டியைச் சரிபண்ணி வெளியே வர வேண்டும், ஒரு நிமிடம் தாமதித்தால் 10 விநாடி அபராதம்.

அந்த 30 நிமிட சர்வீஸ் பற்றித்தான் நான் பேச வந்தது.

அந்த சீசன் சென்னையில் ஆரம்பித்தது. மூன்றாவது ஸ்டேஜில் எஞ்சின் பொட்டென்று நின்றது. பானட்டைத் திறந்து ஸ்பார்க் ப்ளக் வயரையெல்லாம் பிடுங்கிப் பார்த்து, கடைசியில் பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலே, சாக்கெட்டில் சரியாக உட்காராமல் ஆடிக்கொண்டிருந்ததை நேவிகேட்டர்தான் கண்டுபிடித்தார். கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார், வண்டி ஓடிற்று. அதற்குள் நாலு நிமிடம் போய்விட்டது. பத்து ரூபாய் பிளாஸ்டிக் டேப் சுற்றியிருந்தால் போதும்! சரி, முதல் சுற்றுதானே என்று விட்டோம்.

அடுத்தது நாசிக். அங்கே ஒன்றுமே உடையவில்லை. எங்கள் பிரிவில் மூன்றாவது இடம், கோப்பை, போட்டோ எல்லாம் உண்டு. இந்த இடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

மூன்றாவது சொந்த ஊர். பல்லடம் தாண்டி காற்றாலைகளுக்கு நடுவே போகும் செம்மண் பாதைகள், பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள், என் கஸ்டமர்கள் இரண்டு பேர் வேறு குடையோடு நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டாவது ஸ்டேஜில் ஒரு கூழாங்கல் எங்கிருந்தோ எகிறி புல்லிக்குள் புகுந்து பெல்ட்டைத் தின்றுவிட்டது. அந்த எஞ்சினில் ஆல்டர்நேட்டரையும் தண்ணி பம்பையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. பேட்டரியை வைத்துக் கொஞ்ச தூரம் சமாளிக்கலாம், சூட்டைச் சமாளிக்க முடியாது. முள் சிவப்புக்குப் போனதும் ஓரங்கட்டினேன். பம்பு ஊரில், பம்பு ஷாஃப்ட் செய்கிறவன், பம்பு நின்றுபோய் ரிட்டயர். அந்த கஸ்டமர்கள் இன்றுவரை ஆர்டர் கொடுக்கும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இதற்கிடையே எங்கள் பிரிவில் ஒரு பையன். 22 வயதிருக்கும். அவனும் எஸ்டீம்தான், என்னுடையதைவிடப் பழையது. ஸ்டேஜ் நேரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் நான்தான் வேகம். ஆனால் அவன் வண்டி நிற்கவே நிற்காது. சர்வீஸுக்கு வந்து இறங்கியதும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் தன் மெக்கானிக்கிடம் ஓடிப்போய்க் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவான், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், சில சமயம் வண்டிக்கடியிலேயே குனிந்து காட்டுவான். நான் எதிர்ப் பந்தலில் தண்ணீர் குடித்துக்கொண்டே, "பாரு, நேரம் வராததுக்கு இப்பவே காரணம் சொல்லிட்டு இருக்கான்" என்று நேவிகேட்டரிடம் சொல்வேன். நான் அப்படியெல்லாம் பேசுவதில்லை. எங்கள் மெக்கானிக் அண்ணன் "எப்படீங்க தம்பி இருக்குது வண்டி?" என்று கேட்டால், "சூப்பரா போகுதுங்ணா" என்பேன். அதுதான் கெத்து என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

சிக்கமகளூருக்கு நான்காவது சுற்றுக்குப் போனோம். காப்பித் தோட்டத்துக்குள் போகிற பாதைகள், இருபுறமும் சில்வர் ஓக் மரங்கள், வெயில் படாத வளைவுகளில் மண் ஈரமாகவே இருக்கும். எனக்குப் பிடித்த பாதை. கடைசி ஸ்டேஜுக்கு முன்னால் நான் எங்கள் பிரிவில் முதலிடம், பையன் 11 விநாடி பின்னால். ஸ்டேஜ் முடிய இன்னும் 3 கிலோமீட்டர்தான். ஒரு ஹேர்பின்னில் இரண்டாவது கியருக்கு வந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். டப் என்று ஒரு சத்தம், அப்புறம் எஞ்சின் மட்டும் அலறுகிறது, வண்டி நகரவில்லை. கியரை மாற்றினேன், ஒன்றுமில்லை. இடது பக்க டிரைவ்ஷாஃப்ட், எஞ்சினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற தண்டு. முன்சக்கரம் இழுக்கும் வண்டியில், இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் சாதாரணமானதாக இருந்தால் ஒரு பக்க ஷாஃப்ட் உடைந்ததும் மறுபக்கமும் இழுக்காது, சக்தி முழுவதும் உடைந்த பக்கமே சும்மா சுற்றிப் போய்விடும். வண்டியில் பாதி இருக்கிறது, ஆனால் பாதியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இறங்கி 50 மீட்டர் பின்னால் போய் முக்கோணத்தை வைத்தோம், எங்களுக்கு அடி எதுவும் இல்லை என்று காட்டும் ஓகே போர்டைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இரண்டாவதாக வந்தது அந்தப் பையன். அவன் நேவிகேட்டர் போர்டைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். புழுதி அடங்க நேரமாயிற்று.

மதிலில் உட்கார்ந்தபோது நேவிகேட்டர் 1998 கதையைச் சொன்னார், ராலிக்காரர்கள் வண்டி நின்றால் சொல்லிக்கொள்கிற கதை அது. உலக ராலி சாம்பியன்ஷிப்பின் கடைசிச் சுற்று பிரிட்டனில். டிரைவர் கார்லோஸ் சைன்ஸ் நாலாவது இடத்தில் முடித்தாலே பட்டம். கடைசி ஸ்டேஜில் ஃபினிஷ் லைனுக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது எஞ்சின் போய்விட்டது. அவருடைய நேவிகேட்டர் லூயிஸ் மோயா ஹெல்மெட்டை வீசிப் பின் கண்ணாடியை உடைத்தார். பட்டம் கிடைத்தது போட்டியில் இருந்த இன்னொரு டிரைவர் டொம்மி மாக்கினனுக்கு. அவரோ அந்த ராலியில் சக்கரம் ஒன்றை இழந்து ஏற்கெனவே வெளியேறியவர். நேவிகேட்டர் சொல்லி முடித்ததும் நான் என் ஹெல்மெட்டைப் பார்த்தேன். அது வாங்கின விலை ஞாபகம் வந்தது. மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

ராத்திரி சர்வீஸ் பந்தலில் அண்ணன் ஷாஃப்டைக் கழற்றி உடைந்த துண்டைப் பெட்ரோலில் கழுவி ஒரு பேப்பர் மேல் வைத்தார். எமர்ஜென்சி லைட்டைப் பக்கத்தில் இழுத்தார். ஒன்றும் பேசவில்லை. எனக்குப் புரியும் என்று அவருக்குத் தெரியும், என் பிழைப்பே அதுதானே.

ஒரு ஷாஃப்ட் ஒரே அடியில் முறிந்தால் உடைந்த முகம் முழுக்கப் புதுசாக, சர்க்கரை உடைத்த மாதிரி மினுங்கும். இது அப்படி இல்லை. விளிம்பில் ஒரு புள்ளியில் சின்னதாக ஒரு வடு. அங்கிருந்து ஆரம்பித்து, குளத்தில் தண்ணீர் வற்றும்போது கரையில் கோடு கோடாக விழுமே, அதுபோல வளைவு வளைவாகக் கோடுகள், அந்தப் பகுதி வழவழப்பாக, கொஞ்சம் துருவின் பழுப்போடு. முகத்தில் பாதிக்கு மேல் அப்படித்தான். மிச்சம் கொஞ்சம் மட்டும் புதுசாக மினுங்கிற்று. விரிசல் இன்று வந்ததல்ல. பழையது. ஒவ்வொரு ஸ்டேஜிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கிறது, இன்று மிச்சமிருந்த கொஞ்சத்தால் தாங்க முடியவில்லை.

பட்டறையில் ஷாஃப்ட் மேல் கடைசல் உளி இழுத்த கோடு, அதாவது டூல் மார்க், ஒன்று ஆழமாக விழுந்திருந்தால் நான் அதைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அங்கேதான் உடையும் என்று பையன்களுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.

"தம்பி, எங்கீங்க அடிச்சீங்க?" என்றார் அண்ணன்.

நாசிக் என்று எனக்கு உடனே தெரிந்தது. ஐந்தாவது ஸ்டேஜ், ஒரு இடது வளைவு. நோட்டில் 'டோன்ட் கட்', அதாவது வளைவின் உள்ஓரத்தை வெட்டிக் குறுக்கே போகாதே என்று இருந்தது, நேவிகேட்டர் தெளிவாக வாசிக்கவும் செய்தார். நான் கட் பண்ணினேன். உள்பக்கம் ஒரு கல், இடது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் டங் என்று கேட்டது, ஸ்டியரிங் கையில் ஒரு உதறு உதறி நேரானது. நேவிகேட்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. சர்வீஸுக்கு வந்ததும் அண்ணன் வழக்கம்போலக் கேட்டார், நான் வழக்கம்போலச் சூப்பர் என்றேன். 'கட் பண்ணாதே என்று எழுதியிருந்த இடத்தில் கட் பண்ணினேன்' என்று நாலு பேர் முன்னால் சொல்ல வெட்கம். நேவிகேட்டரும் என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் கல்லை விழுங்கிவிட்டோம்.

இதை அண்ணனிடம் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ரப்பர் பூட் கிழியல, ஜாயின்ட்டுல சத்தமில்ல, மேல கிரீஸும் மண்ணுமா இருந்துது, விட்டுட்டேன். அடிச்சீங்கன்னு தெரிஞ்சிருந்தா தொடச்சுப் பாத்திருப்பனுங்க" என்றார், தன் தப்பு மாதிரி. பழகிய கைக்கு அந்த ஷாஃப்டை மாற்ற 20 நிமிடம் போதும். ஸ்பேர் ஷாஃப்ட் நாசிக்கிலும் இருந்தது, கோயமுத்தூரிலும் இருந்தது, சிக்கமகளூரில் ஸ்டேஜுக்கு 12 கிலோமீட்டர் தள்ளி சர்வீஸ் வேனிலும் இருந்தது.

அந்தப் பையன் ஹெல்மெட்டோடு ஓடிப்போய் என்ன பேசுகிறான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கடைசிச் சுற்று பெங்களூர். பட்டம் அதற்கு முன்பே என் கைவிட்டுப் போயிருந்தது, ஆனால் அந்த ராலியை ஜெயித்தே தீருவது என்று போனேன். மதிய சர்வீஸ் வரைக்கும் பையனைவிட 5 விநாடி முன்னால். அதற்கு முந்தின ஸ்டேஜில் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது இடது முன்பக்கம் பலமாகத் தட்டிற்று. வண்டி நேராகத்தான் போனது, ஸ்டியரிங்கிலும் ஒன்றும் தெரியவில்லை. சர்வீஸுக்கு வந்ததும் இறங்கினேன். நாக்கு நுனிவரைக்கும் 'சூப்பர்' வந்தது, பழக்க தோஷம். முழுங்கிவிட்டு, "அண்ணா, நாலாவது ஸ்டேஜ், பாதி தூரத்துல ஒரு பள்ளம், இடது முன் சக்கரம், என் தப்புதான், வேகமா எறங்கிட்டேன்" என்றேன். நேவிகேட்டர் சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

அண்ணன் படுத்து உள்ளே போனார். டார்ச் அடித்துப் பார்த்தார். சக்கரத்தை அடியிலிருந்து பிடித்து வைத்திருக்கும் லோயர் ஆர்ம் மேல் ஒரு இடத்தில் பெயின்ட் உரிந்திருந்தது. வளைந்திருக்கிறதா, விரிசல் உண்டா என்று அந்த மண்ணிலும் எண்ணெயிலும் கண்ணால் சொல்ல முடியாது. "மாத்திரலாமுங்களா?" என்றார். வேறு சில வேலைகளும் இருந்தன, நேரம் பத்தாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். மாத்துங்க என்றேன். அண்ணனுக்கு உதவிக்கு வந்த பையன்கள் இரண்டு பேரும் பாய்ந்து ஜாக்கி போட்டார்கள். ஒரு போல்ட் இறுகப் பிடித்துக்கொண்டு வராமல் உயிரை வாங்கியது. வெளியே வரும்போது 2 நிமிடம் தாமதம். 20 விநாடி அபராதம்.

மிச்ச ஸ்டேஜ்களில் என்னால் முடிந்த வேகத்தையெல்லாம் ஓட்டிவிட்டேன். அப்படி ஒருநாளும் ஓட்டியதில்லை. எதுவும் உடையவில்லை. இரண்டாவது இடம், பையனைவிட 9 விநாடி பின்னால்.

ஊருக்கு வந்த மறுநாள் அந்தக் கழற்றிய லோயர் ஆர்மைப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். கழுவி, துடைத்து, சிவப்புச் சாயத்தைப் பூசி, கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்தேன். அப்புறம் வெள்ளை டெவலப்பரை அடித்தேன். விரிசல் இருந்தால் அதற்குள் போன சாயம் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடாகக் கசிந்து வரும், ஷாஃப்ட் சோதிக்க நாங்கள் தினமும் செய்வதுதான். ஸ்டூலைப் போட்டு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கோடு வராதா என்று இருந்தது எனக்கு. பத்து நிமிடம், இருபது நிமிடம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. துல்லியமாகச் சமமான சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்து அளந்தும் பார்த்தேன், வளைவும் இல்லை.

அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"நல்லதாப் போச்சுங்க தம்பி," என்றார், "அடுத்த சீசனுக்கு ஸ்பேரா வெச்சுக்கலாம்."