முன்தேதி போட்ட பத்திரமும் தீர்க்கதரிசனமும்

சிவன்மலை முருகன் கோயில் உத்தரவுப் பெட்டியில் பொருள் மாறினால் காங்கேயம் பக்கம் பேக்கரிக்குப் பேக்கரி அதே பேச்சுத்தான். பக்தர் ஒருவரின் கனவில் ஆண்டவர் ஒரு பொருளைச் சொல்வார். சன்னதியில் பூப் போட்டு உத்தரவு கேட்பார்கள். உத்தரவானால் அது கண்ணாடிப் பெட்டிக்குள் போகும், அடுத்தவர் கனவு வரும்வரை அங்கேயே இருக்கும். தண்ணீர் வைத்தார்கள், சுனாமி வந்தது என்பது அடிக்கடி காதில் விழும் சாட்சி. ஆனால் பெட்டி வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லையே. தண்ணீர் வெள்ளத்துக்கும் பொருந்தும், வறட்சிக்கும் பொருந்தும். கெடுவும் கிடையாது. அதை நம்பிக்கையாக விட்டுவிடலாம், பலித்ததா என்று வழக்காட அதில் பிடி இல்லை. வழக்காட வேண்டுமென்றால் ஆள், ஊர், நடக்கப்போவது இன்னது என்று எழுதிவைத்த வாக்கு வேணுமுங்க.

அப்படிப்பட்டவை பழைய நூல்களில் உண்டு. பார்க்கும் முறை பத்திர ஆபீஸ் வாசலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கிரைய அக்ரிமெண்டில் என்ன தேதி எழுதியிருந்தாலும், சந்தேகம் வந்தால் முத்திரைத்தாளில் வெண்டர் போட்ட தேதியைத்தான் தேடுவார்கள். நூலில் அந்த வெண்டர் தேதி எங்கே இருக்கும்? அச்சுப் பிசகாமல் வந்துகொண்டிருந்த விவரம் சட்டென்று தப்ப ஆரம்பிக்கும் இடத்தில்.

பைபிளில் தானியேல் 11ஆம் அதிகாரத்தை எடுங்கள். கதைப்படி தானியேல் இருப்பது கி.மு. 6ஆம் நூற்றாண்டில். அலெக்சாண்டருக்குப் பின் எகிப்தின் தாலமிகளும் சிரியாவின் செலூக்கியர்களும் பெண் கொடுத்ததும் படையெடுத்ததும் 'தென்திசை ராஜா', 'வடதிசை ராஜா' என்ற பெயரில் வரிசை மாறாமல் வருகிறது. செலூக்கிய ராஜா நான்காம் அந்தியோகஸ் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய கி.மு. 167 வரை பொருத்தம் கச்சிதம். 40ஆம் வசனம் தொடங்கித்தான் இடறுகிறது. அவன் எகிப்தைச் சூறையாடுவானாம், கடலுக்கும் பரிசுத்த மலைக்கும் நடுவே கூடாரம் போடுவானாம், பிறகு முடிவானாம். அவனோ கி.மு. 164இல் பாரசீகப் பக்கம் போய்ச் செத்தான். எழுதியவர் அந்தியோகஸ் காலத்து ஆள் என்று 3ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கத் தத்துவவாதி போர்ஃபிரி சொல்லிவிட்டார். பிற்பகுதி கடைசிக் காலத்தில் வரப்போகும் கிறிஸ்துவின் எதிரியான அந்திக்கிறிஸ்துவைப் பற்றியது என்று கிறிஸ்தவ அறிஞர் ஜெரோம் பதில் கொடுத்தார். இன்றைக்கும் வாதம் அந்த இரண்டு தடத்தில்தான் ஓடுகிறது.

எசேக்கியேல் 26 வேறு ரகம். தீரு பட்டணத்தைப் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் இடிப்பான், வலை உலர்த்தும் பாறையாவாய், இனிக் கட்டப்படமாட்டாய் என்பது வாக்கு. ஆதரிப்பவர்கள் 12ஆம் வசனத்தைக் காட்டுவார்கள். அதுவரை 'அவன்' என்று வந்தது அங்கே 'அவர்கள்' ஆகிறது, கல்லையும் மரத்தையும் மண்ணையும் தண்ணீரில் போடுவார்கள் என்கிறது. கி.மு. 332இல் அலெக்சாண்டர் கரையோர ஊரின் இடிபாடுகளைக் கடலில் கொட்டிப் பாதை போட்டு, ஏழு மாத முற்றுகையில் எதிரே தீவில் இருந்த தீருவைப் பிடித்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் மூன்று அதிகாரம் தள்ளி 29:17-20 படிக்காமல் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. ஏறத்தாழ 16 வருடம் கழித்து அதே எசேக்கியேல் எழுதுகிறார்: சுமந்து சுமந்து படையாட்களுக்குத் தலை மொட்டையானது, தோள்பட்டைத் தோல் உரிந்தது, தீருவில் கூலி கிடைக்கவில்லை, அதற்கு ஈடாக எகிப்தைக் கொடுக்கிறேன். முற்றுகை 13 வருடம் நடந்ததாக யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் குறிக்கிறார். 'மிச்சத்தை இன்னொருவன் வந்து முடிப்பான்' என்று எசேக்கியேல் சொல்லவில்லை. எகிப்து 40 வருடம் பாழாய்க் கிடக்கும் என்பதும் நடந்த தடயம் இல்லை. அங்கே அமாசிஸ் கி.மு. 526 வரை ஆண்டார். தீருவோ இன்றும் லெபனானில் சூர் என்ற பெயரில் ஆள் குடியிருக்கும் ஊர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 26ஆம் அதிகாரம் சம்பவத்துக்கு முன்பே எழுதியது என்பதற்கு நல்ல சாட்சி அது சொன்னபடி நடக்காததுதான். பின்னால் எழுதியிருந்தால் திருத்தியிருப்பார்கள்.

ஏசாயா 45 பாரசீக ராஜா கோரேசின் பெயரை முன்கூட்டியே சொன்னது என்பதற்கு, சாக்கடலோரம் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருளைச் சாட்சி கூப்பிடுவது வீண். கோரேஸ் பாபிலோனைப் பிடித்தது கி.மு. 539. சுருள் அதற்குச் சுமார் 400 வருடம் பிந்தியது.

நம் புராணங்களுக்கும் இதே கணக்குத்தான். வாயு புராணம் கலியுக அரசர்களை 'ஆளப்போகிறார்கள்' என்று எதிர்காலத்தில் அடுக்குகிறது. குப்தர்கள் கங்கைக் கரை, பிரயாகை, சாகேதம், மகதம் இவற்றை அனுபவிப்பார்கள் என்பதோடு பட்டியல் நின்றுவிடுகிறது. காஞ்சி விஷ்ணுகோபன் வரை வந்து மோதிய சமுத்திரகுப்தனின் தென்திசைப் படையெடுப்பு அதில் இல்லை. அலகாபாத் தூண் கல்வெட்டில் இருக்கிறது. ஆக, அந்தப் பகுதி 4ஆம் நூற்றாண்டில், அவன் தெற்கே வருமுன் எழுதி முடித்த ஏடு.

பவிஷ்ய புராணத்தில் அவ்வளவு தேடல்கூட வேண்டாம். பெயர் பழையது, ஆபஸ்தம்ப தர்மசூத்திரம் என்ற பழைய நெறிநூலே அந்தப் பெயரில் ஒரு நூலை மேற்கோள் காட்டுகிறது. ஆனால் இன்று அச்சில் கிடைக்கும் அதன் பிரதிசர்க்க பர்வம் என்ற பகுதி ஆதாம், நோவா, அக்பர் என்று போய் ஆங்கிலேயர் வரை வருகிறது. மிலேச்ச மொழிக்கு, அதாவது அந்நியர் பேச்சுக்கு, பொருள் சொல்லும் சுலோகம் ஒன்றும் அதில் உண்டு: ரவிவாரம் என்றால் 'சண்டே', பால்குனம் என்றால் 'பர்வரி', அறுபது என்றால் 'சிக்ஸ்டி'.