வைவாவுக்கு முன்னால் வடசேரிக்கு ஒரு நடை

கடைசி வருட பிராஜெக்டுக்கு நான் எடுத்தது, பேருந்துகளைத் தமிழில் அறிவிக்கும் கருவி. முதலில் ஒரு மணியோசை, பிறகு கணினிக் குரல், அவ்வளவுதான். ஒலியால் தகவல் சொல்லும் இதே துறையில் பிராஜெக்ட் எடுக்கிறவர்களுக்காக நான் சறுக்கிய இடங்களைச் சொல்கிறேன்.

தியரி சீக்கிரம் முடிந்துவிடும். நிஜ உலகச் சத்தத்தையே எடுத்து வைப்பது ஆடிட்டரி ஐகான். அதைப் பற்றி 1986-இல் வில்லியம் கேவர் எழுதினார். ஃபைலை அழித்தால் குப்பைத் தொட்டியில் விழுகிற சத்தம் கேட்குமே, அந்த வகை. இயர்கான் நாமே கட்டிய சுரத்துணுக்கு, பழகினால்தான் புரியும். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், எனக்கு முதல் கேள்வியே இந்த வித்தியாசம்தான். வரையறையை ஒப்பிக்காமல் இரண்டையும் லேப்டாப்பில் ஒலிக்கவிட்டுக் காட்டுங்கள்.

நேரம் போவது குரலில். 10.05 என்று கொடுத்தால் ‘பத்து புள்ளி பூஜ்ஜியம் ஐந்து’ என்று படித்தது. ‘பஸ்’ஸுக்கு ‘பசி’யில் வரும் ப-வைப் போட்டது. ஒரே எழுத்துக்கு இரண்டு ஒலி என்பது நமக்குப் பழக்கம், அதற்கு இல்லை. கணினிக் குரல் எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லும் எஸ்எஸ்எம்எல் குறிமொழியில் இடைவெளி, உச்சரிப்பு எல்லாம் குறிக்கலாம். ஆனால் எல்லாக் குரல் மென்பொருளும் எல்லாக் குறியையும் மதிப்பதில்லை. எழுத்திலேயே ‘பத்து மணி ஐந்து நிமிடம்’ என்று மாற்றிக் கொடுப்பது பத்திரம்.

லேபில் எல்லாம் கணீரென்று கேட்டது. ஒரு சின்ன ஸ்பீக்கரோடு நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்துக்குப் போனேன். 200 ஹெர்ட்ஸில் வைத்திருந்த என் அழகான மணியோசை வண்டிகளின் உறுமலில் கரைந்தே போனது. 1000-க்கு மேல் ஏற்றினேன். காது கூர்மையாக இருப்பது 2000 முதல் 5000 வரை என்றாலும், வயதானவர்களுக்கு உச்ச ஒலி மங்கும் என்பதால் 2000-ஐத் தாண்டவில்லை.

அப்புறம், பக்கத்தில் நின்ற பாட்டி. அறிவிப்பு முடிந்ததும் என்னிடமே கேட்டார்: “மக்ளே, எந்த ஊரு வண்டின்னாக்கும் சொல்லுது?”

‘மார்த்தாண்டம் செல்லும் பேருந்து...’ என்று ஊர்ப்பெயர் முதலிலேயே வந்துவிடுகிறது. காதைத் திருப்புவதற்குள் அது போய்விடும். ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்ற வரியை வெட்டிப்பேச்சு என்று தூக்கியது நான்தான்! திரும்பச் சேர்த்தேன், கடைசியிலும் ஊர்ப்பெயரை ஒருமுறை சொல்ல வைத்தேன்.

வைவாவில், “அந்த முதல் வரி எதற்கு?” என்றார்கள். பாட்டியைப் பற்றிச் சொன்னேன். தலையாட்டிவிட்டு அடுத்ததாக, “ஏன் பெண் குரல்?” என்றார்கள். யோசித்ததே இல்லை. மென்பொருளில் முதலில் இருந்த குரல் அதுதான் சார் என்று உள்ளதைச் சொன்னேன். மார்க் போனது அங்கேதான் என்று நினைக்கிறேன்.