எடை தூக்காதே என்றார்கள்

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை முடிந்து மும்பை செம்பூர் வீட்டுக்கு வந்தபோது கூடவே வந்தது உடற்பயிற்சிக்கான ஒரு ஜெராக்ஸ் தாள். அதில் குச்சிக் குச்சியாக வரைந்த பெண்கள் கை தூக்கிக்கொண்டு நின்றார்கள். எதை எப்போது தொடங்குவது, எவ்வளவு வலித்தால் விடுவது என்று ஒரு வரி இல்லை. வீட்டில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "அந்தக் கையை அசைக்காதே, வீங்கிடும்." எதிர்வீட்டு மாமி பால் பாக்கெட்டைக்கூட என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வார்.

பயத்துக்குக் காரணம் உண்டு. மார்பகத்தோடு அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்திருந்தார்கள். அவை போனால் நிணநீர் வடிய வழி குறையும், சிலருக்குக் கை வீங்கும். ஆனால் அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிப்போகும் என்று யாரும் சொல்லவில்லை. அதைச் சொன்னது பிசியோதெரபிஸ்ட்தான். மராத்திப் பெண், என் மகள் வயது. "தாயி, ஹளூ ஹளூ" (அக்கா, மெதுவா மெதுவா) என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பார்.

காயத்தில் ஊறும் நீரை வெளியேற்ற வைத்த டியூப் இருந்தவரை விரல்களை மூடித் திறப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது, தோளை உருட்டுவது, அவ்வளவுதான். கை தோள் உயரத்தைத் தாண்டக் கூடாது. டியூப் எடுத்து, தையல் ஆறிய பிறகு சுவர். சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே ஏற வேண்டும். எட்டிய இடத்தில் மகள் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுவாள். சில நாள் பொட்டு மேலே போகும், சில நாள் நேற்றையதற்குக் கீழே நிற்கும். அப்புறம் மல்லாந்து படுத்து, மாப் கம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேலே கொண்டுபோவது. நல்ல கை ஏறும்போது மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். இழுப்பு தெரியலாம், குத்தும் வலி கூடாது என்பது கணக்கு.

நடுவில் இன்னொன்று வந்து பயமுறுத்தியது. கையை நீட்டினால் அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் வீணைத் தந்தி மாதிரி ஒன்று விறைத்து நின்றது. கோர்டிங் என்கிறார்கள். நோய் திரும்பவில்லை, அறுவைக்குப் பிறகு பலருக்கும் வருவதுதான் என்று டாக்டர் சொன்ன பிறகே தூக்கம் வந்தது. மெதுவாக நீட்டி நீட்டித்தான் அது தளர்ந்தது.

கீமோ நாட்களில் நடை மட்டும். மழைக்காலமாக இருந்ததால் பில்டிங் பார்க்கிங்கிலேயே, வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருக்க. காய்ச்சல் இருந்தால் அதுவும் கிடையாது.

சுவரேறியதன் பலன் ரேடியேஷனில்தான் புரிந்தது. கையைத் தலைக்கு மேல் வைத்து அசையாமல் படுக்க வேண்டும், தினமும் அதே நிலையில். அதற்குக் கை மேலே போகாமல் காத்திருந்தவர்களை அங்கே பார்த்தேன். ஜெராக்ஸ் தாளில் இதையாவது ஒரு வரி போட்டிருக்கலாம்.

எடை தூக்கும் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள்; 2009-இல் வெளியானது. ஒரு பாதியினர் வாரம் இருமுறை எடை தூக்கினார்கள். தூக்காதவர்களைவிட அவர்களுக்கு வீக்கம் கூடுதலாக வரவில்லை. கையில் பலம்தான் கூடியது. ஆனால் அவர்கள் கையை இறுக்கிப் பிடிக்கும் நீள உறை அணிந்து, ஆள் மேற்பார்வையில், மிகக் குறைந்த எடையில் தொடங்கி, துளித்துளியாகக் கூட்டினார்கள். மாமிக்கு இதைச் சொன்னேன். "அமெரிக்காவில இட்லி மாவுப் பாத்திரம் தூக்குறாங்களா?" என்றார்.

நான் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்கினேன். கை கனத்தாலோ, வளையல் இறுக்கினாலோ அந்த வாரம் கூட்ட மாட்டேன். சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் உடற்பயிற்சியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

உள்ளாடையின் ஊக்கைப் பின்னால் மாட்டுவதுதான் கடைசியாகக் கைகூடியது. இப்போது லெட்ரசோல், நோய் திரும்பாமலிருக்க ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைக்கும் மாத்திரை. அதனால் காலையில் விரல் மூட்டெல்லாம் பிடித்துக்கொள்ளும், நடந்தால் விடும். ஒரு கிலோ டம்பெல் வரை வந்திருக்கிறேன். மாட்டுங்கா மார்க்கெட்டில் மாமி இன்னமும் பையைக் கேட்பார். கொத்தமல்லி இருக்கும் பையைக் கொடுத்துவிட்டு, தேங்காய்ப் பையை நான் எடுத்துக்கொள்கிறேன்.