இருமட்டும், தையல் பிரியாது

முதுகுத்தண்டு வளைவைக் கம்பியும் திருகும் வைத்து நிமிர்த்திய பிள்ளைக்கு, முதல் வாரத்தில் முதுகைவிட நெஞ்சைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கிறது. மூச்சுக் கொள்ளளவு பாதியாகக்கூட இறங்கிவிடும். மூன்றாம் நாள் வாக்கில்தான் அடிமட்டம். பழையபடி ஆக ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும். வலிக்குப் பயந்து பிள்ளை மேலோட்டமாக மூச்சு விடும், சளி தங்கும், நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிக்கொள்ளும். நிமோனியா நுழைவது அந்த வழியாக.

அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில் பக்கமிருந்து துணைக்கு வரும் ஆச்சிமார் சொல்வது ஒன்றுதான்: "ஏட்டி, இருமாத, தையல் பிரிஞ்சிரும்." பிரியாது. வலி மருந்து பிடித்த பிறகு, மடித்த துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். வலி மருந்தான மார்ஃபின் கூடிப்போனால் மூச்சே மந்தமாகும். குறைந்தால் இருமல் வராது. இந்த இடைவெளி சின்னது.

மூச்சை உள்ளே இழுத்துப் பந்தை மேலேற்றும் பயிற்சிக் கருவியான மூன்று பந்து ஸ்பைரோமீட்டரைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் ஊதத்தான் செய்யும். பந்து அசையாது. "இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சுற மாதிரி, மெதுவா" என்றால் புரிந்துவிடும். மூன்று பந்தையும் ஒரே இழுப்பில் துள்ளவைப்பதில் பயனில்லை. 600 என்று எழுதிய முதல் பந்தை மூன்று விநாடி மேலே நிறுத்தட்டும். விழித்திருக்கையில் மணிக்குப் பத்து முறை. அறுவைக்கு முன்பே பழக்கிவிட வேண்டும், வலியோடு கிடக்கும்போது புதுப்பாடம் ஏறாது.

ஆக்சிஜன் வைத்தபின், ரத்தத்தில் ஆக்சிஜன் 98 சதவீதம் என்று மானிட்டர் காட்டுவதை நம்பிவிடக் கூடாது. மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். தசைநோய் உள்ள பையனுக்கு எண் நன்றாக இருக்கும்போதே கரியமில வாயு உள்ளே தேங்கும். காலையில் தலைவலி என்பான், பிறகு சொக்கிப்போவான். "நல்லா அசந்து தூங்குதான்" என்று வீட்டார் நிம்மதியாகும் நேரம்தான் ரத்த வாயுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டிய நேரம். வளர்ந்த பிள்ளை இருமும்போது காற்று வெளியேறும் உச்ச வேகம் நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே என்றால், இருமலுக்குத் துணைசெய்யும் கருவியை அறுவைக்கு முன்பே ஏற்பாடு செய்துவிடுவது நல்லது.

நெஞ்சிலுள்ள காற்றையும் நீரையும் தண்ணீர் பாட்டிலுக்கு வடிக்கும் குழாய் இருந்தால், எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதுதான் தவறு நடக்கிறது. பாட்டிலைக் கட்டிலில் தூக்கி வைப்பார்கள். தண்ணீர் நெஞ்சுக்குள் திரும்பும். அது எப்போதும் நெஞ்சுக்குக் கீழே, நிமிர்ந்தே இருக்க வேண்டும். காற்று குமிழியிடும் குழாயைக் கிளாம்ப் போட்டு அடைத்தால், வெளியேற வழியில்லாத காற்று நுரையீரலை நசுக்கும். குழாயில் நீர்மட்டம் மூச்சோடு ஏறி இறங்க வேண்டும். திடீரென நின்றுவிட்டால் முதலில் போர்வையை விலக்கிப் பாருங்கள். பெரும்பாலும் பிள்ளை குழாய் மேலேயே படுத்திருக்கும்.