எறும்பு கடித்தாற்போல்

மனநலப் பிரிவில் செவிலியராகச் சேர்ந்த புதிதில், ஊசி போட்டுக்கொள்ள வந்த எல்லோரிடமும் "எறும்பு கடித்தாற்போல்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பல ஆண்டுகளாக டெப்போ ஊசி (தசையில் தங்கி மெதுவாக வெளிப்படும் மனநோய் மருந்து) போட்டுக்கொண்டுவந்த ஒருவர் ஒருநாள், "உங்களை எந்த எறும்பு கடித்தது, சிஸ்டர்?" என்று கேட்டார். அன்றோடு அந்தச் சொல்லை விட்டுவிட்டேன்.

ஒரு முறை போட்டால் 2 முதல் 4 வாரங்கள் வரை உடலில் நின்று வேலை செய்யும் இந்த ஊசிகளை ஒருவர் ஆண்டுக்கணக்கில் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது; ஆகவே இன்று அவருக்கு ஏற்படும் வலி, அடுத்த முறை அவர் வருவாரா என்பதையும் பாதிக்கிறது. ஃப்ளூபெனசின் டெக்கனோயேட், ஹாலோபெரிடால் டெக்கனோயேட் ஆகிய பழைய மருந்துகள் நல்லெண்ணெயில் கரைக்கப்பட்டவை. அந்தக் கெட்டியான திரவத்தை அவசரமாக அழுத்தினால் தசைநார்கள் திடீரென விரிந்து கடுமையாக வலிக்கும். 1 மில்லிக்கு 10 விநாடி என்ற கணக்கில் மெதுவாகச் செலுத்த வேண்டும் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். வரிசை நீண்டிருக்கும் நாளில் முதலில் கைவிடப்படுவதும் இதுவே. 2 மில்லிக்கு 20 விநாடி ஆகும். மனத்துக்குள் எண்ணிப் பார்த்தால்தான் அது எவ்வளவு நீளம் என்று தெரியும்.

அடுத்தது இடம். பழக்கத்தின் காரணமாகப் பின்புட்டத்தின் மேல்வெளிப் பகுதியையே பலர் நாடுகிறோம். அங்கே கொழுப்பு தடிமனாக இருப்பதால் மருந்து தசையை எட்டாமல் போகக்கூடும். காலுக்குச் செல்லும் பெரிய நரம்பான சியாட்டிக் நரம்பும் அருகில் இருக்கிறது. இடுப்பின் பக்கவாட்டுத் தசையில் பெரிய நரம்போ இரத்தக்குழாயோ இல்லை. தொடை எலும்பின் மேல்முண்டில் உள்ளங்கையையும், இடுப்பெலும்பின் முன்முனையில் சுட்டுவிரலையும் வைத்து, நடுவிரலை விலக்கினால் இரு விரல்களுக்கு நடுவே கிடைக்கும் இடம் அது. முதல் சில முறை எனக்கும் கை தயங்கியது. பழகிய பிறகு பழைய இடத்துக்குத் திரும்ப மனம் வரவில்லை.

தோலை 2 அல்லது 3 சென்டிமீட்டர் ஒருபக்கம் இழுத்துப் பிடித்துக் குத்தி, மருந்து முழுவதும் இறங்கிய பின் 10 விநாடி பொறுத்து ஊசியை எடுத்து, பிறகே தோலை விடும் இசட்-ட்ராக் முறையில், எண்ணெய் மருந்து தோலடிக்குக் கசிந்து எரிச்சல் தருவது குறைகிறது. குத்திய இடத்தைத் தேய்க்கக் கூடாது. மருந்தை உறிஞ்சிய ஊசியை மாற்றுவதும், ஸ்பிரிட் முழுதாக உலரும்வரை காத்திருப்பதும், குத்துமுன் அந்த இடத்தைக் கட்டைவிரலால் 10 விநாடி அழுத்துவதும் சிறிய வேலைகள்தான். ஆனால் பலன் தெரிகிறது.

இவை எதற்கும் கட்டுப்படாத வலி ஒன்று உண்டு. தீவிர நிலையில் நான்கு பேர் பிடித்துக்கொள்ள ஊசி போடப்பட்டவருக்கு, தெளிந்து பல மாதங்கள் ஆன பின்னும் ஸ்பிரிட் வாசனை வந்தாலே தசை இறுகிவிடுகிறது. இறுகிய தசையில் குத்தினால் இன்னும் வலிக்கும். அத்தகையவரிடம் நான் முதலில் திரையை இழுத்து மூடிவிட்டு, எந்தப் பக்கம் போடலாம், படுக்கிறீர்களா, நிற்கிறீர்களா என்று கேட்கிறேன். நிற்பவரிடம், ஊசி போடாத பக்கக் காலில் எடையைச் சாய்க்கச் சொல்கிறேன். போன முறை எந்தப் பக்கம் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தாலும் அவரிடமே கேட்டுக்கொள்கிறேன்; அவர் நினைவு பெரும்பாலும் தவறுவதில்லை.