ஊத்தங்கரை வெள்ளத்துக்குப் பிறகு அம்மாவுக்கு வீடு கட்டிய கதை

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்ற வேன், காரெல்லாம் வெள்ளத்தில் உருண்டதை டிவியில் பார்த்திருப்பீர்கள். பக்கத்துக் கிராமத்தில் அம்மாவின் ஓட்டு வீடும் அன்றைக்குத்தான் போனது. தலையாரி சொல்லி முன்கூட்டியே பள்ளிக்கூட முகாமுக்குப் போயிருந்ததால் ஆள் தப்பியது. மழை விட்டதும் வீட்டுக்குக் கிளம்பப் பார்த்த அம்மாவை வம்படியாக நிறுத்திவைத்தோம். ஊறின மண் சுவர் வெயிலடித்த பிறகும் சரியும்.

பிறகு போய்ச் சரிந்த ஓடுகளை அடுக்கப் பார்த்த அம்மாவை எதிர்வீட்டு அண்ணன்தான் தடுத்தார்: "விஏஓ வந்து பாக்கட்டும்க்கா, அதுவரைக்கும் கை வெக்காதீங்க." பொன்னான யோசனை. இடிபாடு கிடந்தபடியே, கதவு எண் தெரிய, அம்மாவையும் நிற்கவைத்துப் படமெடுத்தோம். விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) அறிக்கையில் முழுச் சேதமா, பகுதிச் சேதமா என்று ஏறுவதைப் பொறுத்துத்தான் தொகை. அதனால் விஏஓ எழுதும்போதே பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளுங்கள். சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய் என்று அரசு அறிவித்திருந்தது. ஓட்டு வீடு எந்தக் கணக்கு என்று கொஞ்சம் இழுத்தது, அவ்வளவுதான்.

பெரிய அலைச்சல், வீடு கட்டத் தமிழக அரசு பணம் தரும் 'கலைஞர் கனவு இல்லம்' திட்டத்துக்குத்தான். 360 சதுர அடி வீடு, 3.5 லட்சம் ரூபாய். வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்கு முன்னுரிமை என்று அரசு அப்போது சொல்லியிருந்தது, ஆனால் பட்டா பயனாளி பேரில் இருக்க வேண்டும். எங்கள் நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) பட்டா தாத்தா பேரில்! வாரிசுச் சான்று, அத்தைமார் கையெழுத்து, பட்டா மாறுதல் எல்லாம் முடிவதற்குள் அம்மா சித்தி வீட்டுத் திண்ணையில் ஒரு கோடையையே கழித்துவிட்டார். அத்தைகளில் ஒருவர் ஓசூரில். கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்று நாள் விருந்து சாப்பிட்டுத்தான் போனார். மழைக்காலம் வருவதற்கு முன்பே உங்கள் வீட்டுப் பட்டா யார் பேரில் இருக்கிறது என்று இ-சேவையில் பார்த்துவிடுங்கள்.

பணம் வேலை நடக்க நடக்கத்தான் கணக்கில் ஏறும். அடித்தளத்தை மட்டும் சொந்தக் காசில் உயர்த்தினோம். பழைய சுவரில் வெள்ளம் நின்ற கறைக்கு மேலே ஒரு சாண். மேஸ்திரி முணுமுணுத்தார், "இவ்ளோ படி ஏறுவாங்களா அம்மா?" ஏறுகிறார். முட்டிவலி என்று என்னைத்தான் திட்டுகிறார்.