அலி வெறுக்கப்பட்ட காலம்: ஒரு ஜூன் மாத நாட்குறிப்பு

ஜூன் 3

குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி இறந்த நாள். 2016-ல் லூயிவில் தெருக்களில் இறுதி ஊர்வலம் போனபோது மக்கள் வண்டியின் மேல் பூக்களை எறிந்தார்கள். ‘எல்லோரும் நேசித்த மனிதர்’ என்று அஞ்சலிகள் சொல்லின. 1967-ல் அவர் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்த அமெரிக்கர்கள் ஏராளம். அந்த வெறுப்பை மறைத்துவிட்டுப் புகழ்வது அலிக்கே செய்யும் அநியாயம். இந்த மாதத்தில் அவர் வாழ்க்கையின் பெரிய தேதிகள் வரிசையாக வருகின்றன, ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

ஜூன் 4

வியட்நாம் போருக்காக ராணுவத்தில் சேர மறுத்ததால்தான் வெறுத்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு மூன்று வருடம் முன்பே அது தொடங்கிவிட்டது. 1964 பிப்ரவரி 25, மயாமி பீச். பந்தயக்காரர்கள் அப்போதைய சாம்பியன் சன்னி லிஸ்டன் பக்கம் 7-க்கு 1 என்று இருந்தார்கள். ஏழாவது ரவுண்டுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் முக்காலியை விட்டு எழவில்லை. 22 வயதுப் பையன் அலி சாம்பியன். மறுநாளே, தான் நேஷன் ஆஃப் இஸ்லாம் அமைப்பைச் சேர்ந்தவன் என்று உறுதிப்படுத்தினார். கருப்பரும் வெள்ளையரும் பிரிந்தே வாழ வேண்டும் என்ற அமைப்பு அது. வெள்ளையர்கள் மிரண்டார்கள், சம உரிமைக்காக அடிவாங்கிக்கொண்டிருந்த கருப்பினத் தலைவர்கள் பலருக்கும் கசந்தது. கேஷியஸ் கிளே என்ற பெயரை அவர் உதறிய பிறகும் பத்திரிகைகள் ‘கிளே’ என்றே பல வருடம் அச்சடித்தன.

வெறுப்புக்கு நியாயமான காரணங்களும் இருந்தன. 1967 பிப்ரவரி 6, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் எர்னி டெரலுடன் 15 ரவுண்டு. தன்னைக் கிளே என்று அழைத்தவரை, “என் பேர் என்ன?” என்று கேட்டுக் கேட்டு அடித்தார். அந்தக் கொடூரத்துக்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். வழிகாட்டியாக இருந்த மால்கம் எக்ஸ் அமைப்பை விட்டு விலகியதும் அவருக்கு முதுகைக் காட்டியது அதைவிடப் பெரிய பிழை.

1967-ல் இதே தேதியில் கிளீவ்லாந்தில் ஜிம் பிரவுன், பில் ரஸ்ஸல், லூ அல்சிண்டர் (பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார்) உள்ளிட்ட கருப்பின விளையாட்டு வீரர்கள் ராணுவத்தை மறுத்தது பற்றி அலியை மணிக்கணக்கில் குடைந்து கேட்டார்கள். அவர்களில் சிலர் ராணுவத்தில் இருந்தவர்கள். அலி அசையவில்லை. வெளியே வந்து நிருபர்கள் முன் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். காற்று திரும்பிய முதல் இடம் அதுதான் என்பேன்.

ஜூன் 12

ராணுவ விவகாரம் நடந்த முறை. 1964-ல் எழுத்துத் தேர்வில் தோற்றதால் அவர் தகுதியற்றோர் பட்டியலில் இருந்தார். போருக்கு ஆள் போதாமல் தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். 1966 பிப்ரவரியில் அதே மனிதர் ‘1-ஏ’, அதாவது அனுப்பத் தயார். வியட்காங்குடன் (வியட்நாமில் அமெரிக்காவை எதிர்த்த கம்யூனிஸ்ட் கெரில்லாப் படை) தனக்குச் சண்டை இல்லை என்று அவர் சொன்னதும் சிகாகோவில் நடக்கவிருந்த போட்டி ரத்தானது. டொரண்டோ, லண்டன், பிராங்க்ஃபர்ட் என்று வெளிநாடுகளில் மோதினார்.

1967 ஏப்ரல் 28, ஹூஸ்டன். பெயரைக் கூப்பிட்டதும் ஓர் அடி முன்னே வைக்க வேண்டும். அந்த அடிதான் ராணுவத்தில் சேர்ந்ததற்கு அடையாளம். அலி நின்ற இடத்திலேயே நின்றார். வழக்குகூடப் பதிவாகாத அதே நாளில் நியூயார்க் மாநில விளையாட்டு ஆணையம் அவருடைய குத்துச்சண்டை லைசென்ஸை நிறுத்தியது. உலக குத்துச்சண்டைச் சங்கம் பட்டத்தைப் பறித்தது. மற்ற மாநிலங்களும் கதவைச் சாத்தின. பிறகு பாஸ்போர்ட்டும் போனதால் வெளிநாட்டு வழியும் அடைபட்டது. இரண்டாம் உலகப் போரில் குத்துச்சண்டைச் சாம்பியன் ஜோ லூயிஸ் செய்தது போலச் சீருடை மாட்டி, வீரர்களுக்குக் காட்சிப் போட்டி ஆடியிருந்தால் துப்பாக்கியைத் தொடாமலே தப்பியிருக்கலாம்.

ஜூன் 20

1967-ல் இன்று, வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி 21 நிமிடத்தில் குற்றவாளி என்றது. ஐந்து வருடச் சிறை, 10,000 டாலர் அபராதம். மேல்முறையீட்டால் சிறைக்குப் போகவில்லை. கல்லூரி கல்லூரியாகப் பேசிப் பிழைத்தார். 1968-ல் வியட்நாமில் கம்யூனிஸ்ட் படைகள் நடத்திய டெட் தாக்குதலுக்குப் பின் போர்மீது நாட்டுக்கே நம்பிக்கை குறைந்தது. அலி தன் பேச்சை மாற்றவில்லை. சொன்ன சொல்லுக்கு 25 வயது முதல் ஏறக்குறைய 29 வரையிலான காலத்தைக் கொடுத்திருந்தார். குத்துச்சண்டைக்காரனுக்கு அந்த வருடங்கள் திரும்பக் கிடைக்காது என்பது அவரைப் பிடிக்காதவர்களுக்கும் தெரியும்.

திரும்பி வந்தது ஒரு சட்ட ஓட்டை வழியாக. ஜார்ஜியாவில் மாநிலக் குத்துச்சண்டை ஆணையமே கிடையாது. அட்லாண்டா நகரம் அனுமதித்தால் போதும். 1970 அக்டோபர் 26, ஜெர்ரி குவாரி மூன்று ரவுண்டில் முகம் கிழிந்து நின்றார். நியூயார்க்கில் அலி தரப்பினர் நீதிமன்றம் போனார்கள்: கொலை, கொள்ளை வழக்குகளில் தண்டனை பெற்றவர்களுக்கும், ராணுவத்திலிருந்து ஓடியவர்களுக்கும் இதே ஆணையம் லைசென்ஸ் கொடுத்திருந்தது. அந்தப் பட்டியலுக்கு ஆணையத்திடம் பதில் இல்லை.

ஜூன் 22

வீடியோவில் பார்க்க வேண்டியது இது. 1966-ல் கிளீவ்லாந்து வில்லியம்ஸ் என்ற வீரருடன் மோதும் அலியின் கைகள் இடுப்பருகே தொங்குகின்றன. குத்து வரும்போது தலையை நேராகப் பின்னால் இழுக்கிறார். எந்தப் பயிற்சியாளரும் இதைத் திருத்துவார்: தாடை உயர்கிறது, எடை குதிகாலுக்குப் போகிறது, இரண்டாவது குத்துக்கு ஒதுங்க இடமில்லை. அலியைக் காத்தவை கால்கள். அந்த மூன்றரை வருடத்தில் கால்கள் போய்விட்டன. பழக்கம் மட்டும் மிஞ்சியது. 1971 மார்ச் 8, பதினைந்தாவது ரவுண்டில் ஜோ ஃப்ரேசியரின் லெஃப்ட் ஹூக் (இடது கையை வளைத்து அடிக்கும் குத்து) அவரை மல்லாக்கத் தள்ளியது. உடனே எழுந்து கடைசி மணிவரை நின்றார். வாய்ச்சவடால் என்று ஏசியவர்கள் அவர் அடிவாங்கித் தாங்குவதை அன்று பார்த்தார்கள். ஜெயித்த எந்தப் போட்டியையும்விட இந்தத் தோல்வி அவருக்கு அதிக ஆட்களைச் சேர்த்தது என்பது என் கணிப்பு.

ஆப்பிரிக்காவின் கின்ஷாசா, 1974 அக்டோபர் 30. 40 போட்டிகளில் தோல்வியே காணாத ஜார்ஜ் ஃபோர்மன், எதிராளி ஓட இடமில்லாமல் வழிமறித்து ரிங்கைக் குறுக்கிவிடுவார். ஓடி ஓடிக் களைப்பது அலிதான். அதனால் இரண்டாவது ரவுண்டிலிருந்து கயிற்றில் சாய்ந்தார். முன்கைகள் முகத்துக்கு இருபுறமும், முழங்கைகள் விலாவை ஒட்டி. குத்தின் வேகத்தில் ஒரு பங்கைத் தளர்ந்த கயிறு வாங்கிக்கொள்ளும். நெருங்கும்போதெல்லாம் ஃபோர்மனின் கழுத்தைக் கையால் அழுத்திக் களைப்பேற்றினார். இடையில் வலது கையால் நேர்க் குத்து. எட்டாவது ரவுண்டில் ஃபோர்மன் விழுந்தார். எதிராளி நிதானமாக ஜாப் (முன்கையை நீட்டிப் போடும் வேகமான குத்து) போட்டிருந்தால் இந்த வித்தை பலித்திருக்காது. அப்படியும் இலவசமாகக் கிடைத்ததல்ல: அதன் பிறகு பயிற்சியிலும் போட்டியிலும் குத்துகளை உடம்பில் வாங்குவதே வழக்கமானது. 1984-ல் பார்க்கின்சன் அறிகுறிகள் உறுதியாயின.

ஜூன் 25

புகழ்கிறவர்கள் தாண்டிப் போகும் பக்கம் ஃப்ரேசியர். லைசென்ஸ் இல்லாத காலத்தில் அலிக்குப் பணம் கொடுத்தவர், அவருக்காகப் பேசியவர். பதிலுக்கு அலி அவரை வெள்ளையரின் அடிமை என்றார், கொரில்லா என்றார். தெற்கு கரோலைனாவின் ஏழை விவசாயக் குடும்பத்துப் பிள்ளை ஃப்ரேசியர். அந்த ரணம் அவருக்குப் பல பத்தாண்டுகள் ஆறவில்லை. அலி மன்னிப்புக் கேட்டது 2001-ல்.

1980-ன் தொடக்கத்தில் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். அந்த இந்தியப் பயணத்திலிருந்துதான், மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கச் சொல்லும் தூதராக ஜனாதிபதி கார்ட்டர் அவரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார். பாஸ்போர்ட்டைப் பறித்த அரசாங்கம் விமானமே கொடுத்தது. தான்சானியாவின் ஜனாதிபதி நைரேரே அவரைச் சந்திக்க மறுத்தார்.

1996 ஜூலை 19, அட்லாண்டா. நடுங்கும் கையால் ஒலிம்பிக் ஜோதியை ஏற்றினார், நாடு அழுதது. மறுவருகைக்கு இடம் தந்த அதே ஊர். நாட்டை எரிச்சலூட்டிய குரல் அப்போது ஏறக்குறைய ஓய்ந்திருந்தது. பேச முடியாத அலியை நேசிப்பது சுலபம். 1967-ல் கிளீவ்லாந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

ஜூன் 28

1971-ல் இன்று உச்ச நீதிமன்றம் அலியை 8-0 என்று விடுவித்தது. நீதிபதி தர்குட் மார்ஷல் வழக்கிலிருந்து விலகியிருந்தார். முதல் ஆலோசனையில் 5-3 என்று அலிக்கு எதிராகவே இருந்தது. நீதிபதி ஹார்லன் மனம் மாறியதும் சமநிலையானது. ஒருமித்த முடிவுக்கு ஒரு குறுகிய பாதை கிடைத்தது. போரை மறுக்க மூன்று நிபந்தனைகள்: எந்தப் போரையும் எதிர்க்க வேண்டும், அது மத நம்பிக்கையில் வேரூன்ற வேண்டும், உண்மையாக இருக்க வேண்டும். எதில் அலி தவறினார் என்று ராணுவ ஆள்சேர்ப்பின் மேல்முறையீட்டு வாரியம் சொல்லவே இல்லை. கடைசி இரண்டில் அவர் தேறியதை அரசே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டிருந்தது. எந்தக் காரணத்தில் மறுத்தார்கள் என்று தெரியாததால் தண்டனை செல்லாது. அலி செய்தது சரி என்று அந்தத் தீர்ப்பில் எங்கும் இல்லை. வழக்கு இன்றுவரை சட்டப் புத்தகங்களில் நிற்பது ‘கிளே எதிர் அமெரிக்கா’ என்ற பெயரில்.